‘ஆய்வு இருக்கிறது’ என்றால் என்ன இருக்கிறது?

குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும். இது உண்மை. அக்குபங்சர் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. இதுவும் உண்மை. ஆகவே அக்குபங்சர் புள்ளிகளின் மேல் ஸ்படிகத்தை வைத்தால் உடம்பின் மின்னோட்டம் சீராகும், வலி போகும், “இதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது.” கல் விற்பவர்கள் சொல்லும் இந்த மூன்றாவது வாக்கியத்துக்கு முதல் இரண்டின் மரியாதையும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. கேட்பவருக்கு மறுக்கவும் தெரியாது, நம்பவும் மனம் வராது.

இதைச் சரிபார்க்க விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. உலகின் மருத்துவ ஆய்வுகள் பட்டியலிடப்பட்ட இடத்தில் ‘அக்குபங்சர்’, ‘படிகம்’ (ஆங்கிலத்தில் கிறிஸ்டல்) என்ற இரண்டு சொற்களையும் தட்டித் தேடலாம். தேடுவது எளிது. வந்து விழும் பட்டியலுக்கு என்ன பொருள் என்று சொல்வதுதான் கடினம்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் தொடங்கும் இடம் பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தளம் இது. 1997 முதல் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் 1879இல் தொடங்கிய ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற அச்சுப் பட்டியலின் வாரிசு இது. இன்று 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இதில் உள்ளன. கட்டுரை முழுவதும் அல்ல. தலைப்பு, ஆசிரியர் பெயர்கள், சுருக்கம், குறிச்சொற்கள் ஆகியவைதாம் இருக்கும். இந்தக் குறிச்சொற்களுக்கென்றே நூலகம் ஒரு சொற்களஞ்சியத்தை வைத்துப் பராமரிக்கிறது. நீங்கள் ‘அக்குபங்சர்’ என்று தட்டினால், அந்தச் சொல் இடம்பெறாவிட்டாலும் மின் அக்குபங்சர், காது அக்குபங்சர் என்று குறிக்கப்பட்ட கட்டுரைகளையும் அது சேர்த்துக் கொண்டுவரும்.

‘படிகம்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு அக்கறையான ஏற்பாடு இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இத்தகைய தேடுகருவி அடிப்படையில் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வதில்லை. சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறது. இரண்டு சொற்களைக் கொடுத்தால் இரண்டும் எங்கே சேர்ந்து வருகின்றன என்று பார்க்கிறது, அவ்வளவுதான். மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நின்று “குமார்!” என்று கூவினால் பத்துப் பேர் திரும்புவார்கள். கூடவே “செல்வி!” என்றும் கூவுங்கள். ஒரே பேருந்தின் ஜன்னல்களிலிருந்து ஒரு குமாரும் ஒரு செல்வியும் எட்டிப் பார்த்தால், இருவரும் அந்த வண்டியில் இருக்கிறார்கள் என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். கணவன் மனைவியா, முன்பின் அறியாதவர்களா, நீங்கள் தேடிவந்த குமார் இவர்தானா என்பதெல்லாம் வண்டியில் ஏறிப் போய்க் கேட்டால்தான் தெரியும். கட்டுரைகளும் இப்படித்தான். “இத்தனை முடிவுகள் வந்தன” என்பது எத்தனை பேருந்துகளில் தலைகள் திரும்பின என்ற கணக்கு மட்டுமே.

அக்குபங்சரையும் படிகத்தையும் சேர்த்துத் தேடும்போது எட்டிப் பார்ப்பவர்கள் யார்? ஒரு கூட்டம் கவுட் நோய்க் கட்டுரைகள். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகும்போது அதன் உப்பு ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டில் தேங்கும். கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகும். எலிகளின் கணுக்காலில் இந்த யூரேட் படிகங்களைச் செலுத்திச் செயற்கையாக கவுட்டை உண்டாக்கி, பிறகு மின் அக்குபங்சர் கொடுத்து வீக்கம் குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன. இவற்றில் இரண்டு சொற்களும் உண்டு, உறவும் உண்டு. ஆனால் படிகம் இங்கே மருந்து அல்ல, நோயே அதுதான்!

இன்னொரு கூட்டம் தலைசுற்றல். நம் உட்செவியில் கால்சியம் கார்பனேட்டாலான நுண்படிகங்கள் உண்டு. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்ல உதவுபவை. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கையில் புரண்டதும் அறையே சுழலும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்புவதுதான் வழக்கமான சிகிச்சை. அத்துடன் அக்குபங்சரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். செல்களுக்குச் சாயமேற்றும் ‘கிறிஸ்டல் வயலட்’, புரதங்களின் வடிவத்தைக் கண்டறியும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரிலேயே கிறிஸ்டலை வைத்திருக்கும் ஆய்வாளர்கள். ஆசிரியர் பெயரும் தேடலில் சேர்த்தி என்பதால் அவர்களும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள்.

வேண்டாதவை இப்படிக் குவிவது ஒரு பக்கம் என்றால், வேண்டியவை நழுவுவது மறுபக்கம். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் 1960களில் தேடல் முறைகளைச் சோதனைக்கூடப் பொருள்போல் எடுத்து ஆராய்ந்தார். ஒரு தேடலை மதிப்பிட அவர் பயன்படுத்திய இரண்டு அளவுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இருக்கவேண்டியவற்றுள் எத்தனை பங்கு கைக்கு வந்தது என்பது மீட்புத்திறன். கைக்கு வந்தவற்றுள் எத்தனை பங்கு உண்மையில் வேண்டியவை என்பது துல்லியம். ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். ‘படிகம்’ என்று மட்டும் தேடினால் ‘குவார்ட்ஸ்’ என்று எழுதியவர் விடுபடுவார், ‘ரத்தினக்கல்’ என்று எழுதியவரும் விடுபடுவார். எல்லாவற்றையும் சேர்த்தால் குப்பை கூடும். முறையாகத் திறனாய்வு செய்பவர்கள் குப்பை வந்தாலும் பரவாயில்லை என்று அகலமாகத் தேடி, வந்த ஒவ்வொன்றையும் கண்ணால் படித்துக் கழிப்பார்கள். எந்தச் சொற்களால், எந்தத் தேதியில், எந்தத் தளங்களில் தேடினோம் என்பதையும் எழுதி வைப்பார்கள். அதைச் சொல்லாமல் “ஆய்வே இல்லை” என்று முடிப்பதும், “ஏராளமாக இருக்கிறது” என்பதைப் போலவே பொறுப்பற்ற பேச்சுதான்.

அக்குபங்சர் விஷயத்தில் மொழியும் குறுக்கே நிற்கிறது. பெருமளவு ஆய்வுகள் சீன மொழியில், சீனத் தரவுத்தளங்களில் இருக்கின்றன. அப்படியானால் அவற்றையும் சேர்த்தால் தீர்ந்ததா? 1998இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் நாடுவாரியாக அக்குபங்சர் பரிசோதனைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் எடுத்த அத்தனை பரிசோதனைகளும் அக்குபங்சருக்குச் சாதகமாகவே முடிந்திருந்தன. ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலன் தருவது என்றாலும், தற்செயலாகச் சில பரிசோதனைகளாவது தோற்கத்தான் வேண்டும். தோல்வியே இல்லாத பட்டியலைப் பார்த்தால், தோற்றவை அச்சேறவில்லை என்றுதான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு வெளியீட்டுச் சாய்வு என்று பெயர். அச்சேறாததை எந்தத் தேடுகருவியாலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இத்தனை சலித்த பிறகு இரண்டு சொற்களையும் உண்மையிலேயே உறவாக்கிப் பேசும் கட்டுரை ஒன்றாவது உண்டா? உண்டு. ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைனீஸ் மெடிசின்’ இதழில் 1998இல் மே-வான் ஹோ, டேவிட் நைட் என்ற இருவர் எழுதியது. அக்குபங்சர் அமைப்பையும் இணைப்புத் திசுக்களிலுள்ள நீர்மப் படிகக் கொலாஜன் இழைகளையும் தலைப்பிலேயே சேர்த்துப் பேசும் கட்டுரை. கல் விற்பவருக்கு இந்தத் தலைப்பு பொக்கிஷம். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் நீர்மப் படிகம். திண்மப் பொருளில் மூலக்கூறுகள் அணிவகுத்து அசையாமல் நிற்கும். திரவத்தில் திசையின்றி அலையும். இரண்டுக்கும் நடுவே, நகரவும் செய்து அணிவகுப்பையும் விடாமல் வைத்திருக்கும் ஒரு நிலை சில பொருள்களுக்கு உண்டு. 1888இல் பிராக் நகரில் ஃபிரெட்ரிக் ரைநிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டிராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது இதைக் கண்டார். அது ஏறக்குறைய 145 பாகையில் கலங்கலாக உருகியது, 178 பாகைக்கு மேல் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை! இன்றைய எல்.சி.டி. திரைகள் இந்த நடுநிலையை வைத்து இயங்குபவை. தோலுக்கு அடியிலும் தசைகளுக்கு நடுவிலும் பரவியிருக்கும் இணைப்புத் திசுவின் முக்கியப் புரதமான கொலாஜனுக்கும் இப்படிப்பட்ட ஒழுங்கு உண்டு என்பதும், ஜப்பானின் எய்இச்சி ஃபுகாடாவும் இவாவ் யாசுடாவும் 1957இல் காட்டியபடி எலும்பை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்பதும் ஏற்கப்பட்ட செய்திகள். ஹோவும் நைட்டும் இவற்றை அடுக்கி, நீரோடு பிணைந்த கொலாஜன் இழைகளின் வழியே உடம்பெங்கும் வேகமாகச் செய்தி போகக்கூடும், அக்குபங்சர் சொல்லும் பாதைகள் இந்த இழைகளின் அமைப்போடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்று ஒரு கருத்தை முன்வைத்தார்கள்.

‘இருக்கலாம்.’ அதாவது, இது ஒரு கருதுகோள். நோயாளிகளை வைத்துச் செய்த பரிசோதனை அல்ல. கல்லைப் பற்றிய பேச்சும் அல்ல. இங்கே படிகம் என்பது உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் புரதத்தின் அணிவகுப்பு. புள்ளியின் மேல் ஸ்படிகத்தை வைக்கச் சொல்லும் உரிமை இதிலிருந்து யாருக்கும் கிடைக்காது.

கருதுகோளைச் சோதிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஹெலீன் லாஞ்செவினின் வேலை நல்ல எடுத்துக்காட்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், ஊசியைச் சுழற்றும்போது திசு அதைப் பற்றிக்கொள்வதாகச் சிகிச்சையாளர்கள் சொல்லும் உணர்வை அளந்துவிடுவது என்று இறங்கினார். 60 பேரிடம், கணினி கட்டுப்படுத்தும் கருவியால் ஊசியைச் செருகி, வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பதிந்தார். சுழற்றிய ஊசியை இழுக்க வெகு அதிக விசை வேண்டியிருந்தது. அக்குபங்சர் புள்ளிகளுக்கும் ஒப்பிடத் தேர்ந்தெடுத்த வேறு புள்ளிகளுக்கும் வித்தியாசம் 18 விழுக்காடுதான். பற்றுதல் உண்மை, இணைப்புத் திசு இழைகள் ஊசியில் சுற்றிக்கொள்வதும் உண்மை; ஆனால் அது குறிப்பிட்ட புள்ளிகளுக்கு மட்டும் உரியதல்ல. கொலாஜன் பற்றிய பேச்சில் அளவிடப்பட்ட பகுதி எது, ஊகம் எது என்று இதை வாசித்த பிறகு பிரிக்க முடிகிறது. இத்தகைய வேலை எனக்கு எந்தப் பெரிய கோட்பாட்டையும்விடப் பிடித்தமானது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நேரடி ஆய்வு இல்லாவிட்டால் என்ன, இரண்டு துறைகளுக்கு நடுவே யாரும் கவனிக்காத தொடர்பு ஒளிந்திருக்கக் கூடாதா? கூடும். அதை நிரூபித்துக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் கற்பித்த டான் ஸ்வான்சன், இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். 1986இல் அவர் இரண்டு குவியல் கட்டுரைகளை அருகருகே வைத்தார். ஒன்று, குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனோ நோய் பற்றியது. இந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டியாக இருப்பதையும், ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்வதையும் அது சொன்னது. மற்றது மீன் எண்ணெய் பற்றியது. அது ரத்தத்தின் கெட்டித்தன்மையையும் தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைக்கிறது என்றது. இரண்டு குவியல்களும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. அப்படியானால் ரேனோ நோய்க்கு மீன் எண்ணெய் உதவக்கூடுமே என்றார் ஸ்வான்சன். சோதனைக்கூடத்தில் கால் வைக்காமல், நூலகத்தில் உட்கார்ந்தபடியே. கண்டுபிடிக்கப்படாத பொது அறிவு என்று அவர் இதைக் குறிப்பிட்டார். இன்று நூல்வழிக் கண்டுபிடிப்பு என்று ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் கல் விற்பவர் மகிழ்ந்திருப்பார். அவர் செய்வதும் இதுதானே? குவார்ட்ஸுக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு நரம்பு, நரம்புக்கு அக்குபங்சர். ஆனால் கதை தொடர்கிறது. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் 32 பேரிடம் மீன் எண்ணெய் சோதிக்கப்பட்டு, 1989இல் முடிவு வெளியானது. வேறு நோயின் விளைவாக அல்லாமல் தானாக ரேனோ வந்தவர்களுக்குக் குளிரைத் தாங்கும் நேரம் கூடியது. வேறு நோயால் வந்தவர்களுக்குக் கூடவில்லை. நூலகத்தில் பிறந்த ஊகம் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி என்பதை எந்த நூலகமும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

ஸ்படிகச் சங்கிலியை இதே கண்டிப்போடு பார்த்தால் முதல் கண்ணியே தளர்வு. 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் கண்டுபிடித்த அழுத்தமின் விளைவு, அழுத்தம் மாறும்போது வேலை செய்வது. கைக்கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது என்றால், அதை அதிரவைக்க மின்கலம் ஒன்று இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. தோலின் மேல் சும்மா கிடக்கும் கல்லில் அழுத்தமும் மாறுவதில்லை, மின்கலமும் இல்லை. வைத்த கணத்தில் துளி மின்னூட்டம் தோன்றினாலும் அது கசிந்து மறைந்துவிடும். தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் அங்கே கிடையாது.

இயற்பியலை ஒதுக்கி, பலன் இருக்கிறதா என்று மட்டும் நேராகச் சோதித்தவர்களும் உண்டு. லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளர் 80 பேரின் கையில் கல்லைக் கொடுத்துத் தியானிக்கச் சொன்னார். சிலருக்கு உண்மையான குவார்ட்ஸ், சிலருக்குப் போலி. கூச்சம், வெதுவெதுப்பு, ஆற்றல் என்று இரு தரப்பினரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். என்னென்ன உணர்வுகள் வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள் அதிகமாக உணர்ந்தார்கள். இது 2001இல் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் மாநாட்டில் வாசிக்கப்பட்டது. மாநாட்டு உரைகள் பெரும்பாலும் பப்மெட் பட்டியலில் ஏறுவதில்லை என்பதால், அங்கே மட்டும் தேடுபவர் ஸ்படிகத்துக்கு எதிரான இந்தச் சான்றையும் தவறவிட வாய்ப்புண்டு.

அக்குபங்சரை இந்தக் கற்களோடு ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. அதைப் பற்றி உண்மையான, பெரிய பரிசோதனைகள் இருக்கின்றன. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்து, முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க நிவாரணம். மருந்து, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினருக்கு. இவற்றை மட்டும் எடுத்துப்போட்டு விளம்பரம் செய்வார்கள். மூன்றாவது அணி ஒன்றும் இருந்தது: அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்கள். அவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கு நிவாரணம். 39 பரிசோதனைகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளை ஒன்றாக்கி 2018இல் விக்கர்ஸ் குழு பார்த்தபோதும், போலியைவிட உண்மை ஊசி முந்தியது. ஆனால் இடைவெளி சிறியது. ஆக, ஊசிக்கு ஏதோ ஒரு பலன் இருக்கிறது, புள்ளிக்கு இருக்கிறதா என்பது வாதத்துக்குரியது. கல்லைப் புள்ளியில் வைக்கச் சொல்பவர், சான்று மிகப் பலவீனமாக உள்ள பகுதியின் மேல்தான் தன் கல்லை வைக்கிறார்.

தேடுகிறவருக்கு உதவும் இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரை கிடைத்தால் அது மேற்கோள் காட்டும் பழையவற்றைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதை மேற்கோள் காட்டிப் பிறகு வந்தவை எவை என்று முன்னோக்கிப் போவதுதான் கூர்மையான கருவி. யூஜின் கார்ஃபீல்டு 1960களில் இதற்கென்றே மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். இன்று கூகுள் ஸ்காலரில் ஒரு சொடுக்கில் அந்தப் பட்டியல் வந்துவிடும். ஒரு கருதுகோளை அதன் பிறகு யாராவது அளந்தார்களா, அல்லது எல்லோரும் அதை மேற்கோள் காட்டி இன்னொரு கருதுகோளை எழுதினார்களா என்பது இதில் தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் கச்சிதமாக அமைந்த, ஆனால் உலகில் இல்லவே இல்லாத கட்டுரைகளை அவை சில சமயம் தந்துவிடுகின்றன. தலைப்பை அப்படியே எடுத்துப் பப்மெட்டில் இட்டுப் பாருங்கள். கிடைத்தால் சுருக்கத்தைப் படியுங்கள். எத்தனை பேர், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்களா, ‘படிகம்’ என்று அதில் சொல்லப்படுவது எது என்ற மூன்றுக்கும் பெரும்பாலும் அங்கேயே பதில் இருக்கும்.

அடுத்த முறை “ஆய்வு இருக்கிறது” என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். கட்டுரையின் தலைப்பையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர முடியாதவரிடம் கல் வாங்காதீர்கள். தந்தாலும், படித்துப் பார்த்து உங்கள் மருத்துவரிடமும் கேட்கும்வரை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தாதீர்கள்.